உங்கள் மூக்குக்கு வயதாகவில்லை

கேள்வி: எனக்கு 49 வயது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து சிங்கப்பூர்தான். கொஞ்ச காலமாகக் கண்ணுக்குக் கீழே கருப்பு அப்பிக் கிடக்கிறது. கன்னத்தில் பழுப்புத் திட்டுகள். நெற்றியின் இரண்டு ஓரங்களும் கழுத்தும்கூடக் கறுத்துவிட்டன. பார்க்கிறவர்களெல்லாம் "உடம்பு சரியில்லையா?" என்கிறார்கள். இதற்காக ஓர் அழகியல் கிளினிக்குக்குப் போனேன். கம்ப்யூட்டரில் என் முகத்தைப் படமெடுத்து, அதன்மேல் கோடுகளால் ஆன ஒரு முகமூடியைப் பொருத்திக் காட்டினார்கள். கோட்டுக்கு வெளியே போவதெல்லாம் குறையாம். கண்ணுக்குக் கீழேயும் மூக்குத் தண்டிலும் முகவாயிலும் ஃபில்லர் (ஊசியால் ஏற்றும் ஜெல்லாம்), மூக்கு மடலைக் குறைக்க ஒரு சின்ன ஆபரேஷன், கன்னத்துக்கு லேசர் என்று ஐந்து வேலை எழுதிக் கொடுத்தார்கள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் சலுகை. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் காட்டினேன். 17 வயது மகள், "எனக்கும் இதே மூக்குதானேம்மா?" என்றாள். அந்த முகமூடி அளவு நம்மவர் முகத்துக்குப் பொருந்துமா? வயதானதைச் சரிசெய்துகொள்ள நினைப்பது தவறா? (தோழி ஊரிலிருந்து கொண்டுவரும் ஒரு க்ரீமை இரண்டு வருடமாகப் போடுகிறேன். போட்டால் பளிச்சென்று இருக்கிறது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது. இன்னொன்று: ஜிமிக்கி போட்டுப் போட்டு இடது காது ஓட்டை கீழ்வரை இழுத்துவிட்டது. அதையும் சரிசெய்ய முடியுமா?)
— பெயர் வேண்டாம், சிங்கப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் போனது இரண்டு வேலைக்கு. திரும்பியது ஐந்து வேலைக்கான சீட்டோடு. கூடுதலாக வந்த அந்த மூன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். மேடையில் எடுத்த படம் வேண்டாம், மேக்கப் போட்டிருப்பார்கள். மறுநாள் காலையில் வீட்டு வாசலில் எடுத்தது மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும். அதையும் இன்றைய முகத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். எது மாறியிருக்கிறதோ அது வயதின் வேலை. எது அப்படியே இருக்கிறதோ அது உங்கள் முகம். முகச் சீரமைப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான், ஸ்கேன் எல்லாம் பிறகு. அம்மா, சித்தி, அத்தை படங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த வீட்டு முகம் எந்த இடத்தில் முதலில் தளரும் என்பதை அவை சொல்லிவிடும்.

மூக்கு மடலின் அகலம் அந்த ஆல்பத்திலும் கிட்டத்தட்ட இதேதான் இருக்கும். வயதாகும்போது நுனி சற்றுத் தாழும், மூக்கு நீண்டது போலத் தெரியும், அவ்வளவுதான். ஆக, கிளினிக் தந்த சீட்டில் வயதைப் பற்றியவை இரண்டு. மூக்கில் இரண்டும் முகவாயில் ஒன்றும் வயதைப் பற்றியவை அல்ல. வேறொரு முகத்தைப் போல நீங்கள் இல்லை என்ற புகார். இரண்டு வகையையும் ஒரே தாளில், ஒரே மொத்தத் தொகையில் எழுதிக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்காத வேலை.

அந்த முகமூடியின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஸ்டீபன் மார்குவார்ட் என்ற வாய்-முக அறுவை மருத்துவர் அழகின் கணக்கு என்று பலர் நம்பும் 1.618 என்ற தங்க விகிதத்தை வைத்து வரைந்த கோட்டுப்படம் அது. எல்லா இனத்து அழகான முகங்களுக்கும் அது பொருந்தும் என்பது அவர் தரப்பு வாதம். ஃபேஷன் மாடல்களை வைத்து உருவான அந்தப் படம், வெள்ளைக்காரப் பெண்களில்கூடச் சற்று ஆண்மைச் சாயல் கொண்ட முகங்களுக்கே நன்றாகப் பொருந்துகிறது என்று 2008இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் விரிவான மறுப்பு வந்தது. மென்பொருள்களில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கணக்குப் போட்டு வந்தது என்றால் மறுபேச்சு இருக்காது, அந்தத் தைரியம்தான்.

அதற்கும் முந்திய அளவுகோல்கள் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியர்களுடையவை. முகத்தின் நீளம் மூன்று சம பாகம், அகலம் ஐந்து சம பாகம், மூக்கின் அகலம் இரு கண்களின் உள்முனைகளுக்கு இடைப்பட்ட தூரத்துக்குச் சமம் என்பவை எல்லாம் அங்கிருந்து வந்தவை. நாங்கள் படித்ததும் இவற்றைத்தான். டொரன்டோவில் லெஸ்லி ஃபார்காஸ் என்ற மருத்துவர் காலிப்பர் என்ற அளவுக் கருவியை எடுத்து உயிருள்ள முகங்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். 1985இல் அவர் குழு வெளியிட்ட முடிவின்படி, வட அமெரிக்க வெள்ளை இளைஞர்களிலேயே பாதிப் பேரிடம்கூட அந்த மூக்கு விதி நிற்கவில்லை. பிறகு பல நாட்டு மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு பல இனத்தவரின் முகங்களை அளந்து, 2005இல் ஓர் ஒப்பீட்டையும் வெளியிட்டார். இனத்துக்கு இனம் அதிகம் வேறுபட்டவற்றில் மூக்கின் அகலமும் ஒன்று.

அப்படியானால் இந்தியர்களுக்கென்று தனி அளவுகோல் செய்தால் தீர்ந்ததா என்றால், எனக்கு அதிலும் நம்பிக்கை குறைவு. பஞ்சாபி முகமும் தஞ்சாவூர் முகமும் ஒரே தலைப்பில் அடங்கிவிடுமா? தஞ்சாவூரிலேயே ஒரு தெருவில் எத்தனை மூக்கு! இனவாரிச் சராசரி ஒரு மருத்துவருக்குத் தேவைதான். எலும்பு எப்படி இருக்கும், தோல் எப்படி ஆறும், எங்கே ஆபத்து என்று முன்கூட்டியே யோசிக்க அது உதவும். அதைப் போய்ச் சேரவேண்டிய இடமாக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

மூக்கை அளந்து மனிதரைத் தரம் பிரித்த வேலை நமக்குப் புதிதல்ல. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக ஒரு சாதியின் சமூக நிலை தாழும் என்று எழுதிய ஆள். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் ஊர் மக்களின் மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்து குறித்துக்கொண்டார். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியீடு. எழுபதுக்குக் கீழே ஒல்லி மூக்கு, எண்பத்தைந்துக்கு மேலே அகல மூக்கு, இடையில் நடுத்தரம். இந்த வகைப் பெயர்கள் இன்றும் மூக்கு அறுவை சிகிச்சைப் பாடத்தில் இருக்கின்றன. பயன்படுத்துகிறோம், வேறு வழியில்லை. எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் சரி. நாசித் துவாரத்தின் அகலம் முன்னோர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் ஒத்துப்போகிறது என்று 2017இல் வந்த ஒரு மரபணு ஆய்வு காட்டியது. உங்கள் மகளிடம் சொல்ல இது நல்ல செய்தி. காவிரிக் கரைப் புழுக்கத்துக்கு ஏற்ற மூக்கு அது.

மூக்குத் தண்டுக்கு ஃபில்லர் என்று எழுதியிருக்கிறார்களே, அதைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். கிழக்காசிய முகங்கள் பலவற்றில் தண்டு தாழ்ந்திருக்கும். அதை உயர்த்தினால் மூக்கு எடுப்பாகத் தெரியும். அங்கே அது நன்றாகப் பழகிய வேலை. நம்மவர் பலருக்குத் தண்டு போதுமான உயரத்தில்தான் இருக்கிறது. அகலமெல்லாம் நுனியிலும் மடலிலும். தண்டில் ஃபில்லர் ஏற்றினால் மூக்கு ஒல்லியாகாது, பெரிதாகும். அதைவிட முக்கியம் இது: மூக்குத் தண்டின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. ஃபில்லர் குழாய்க்குள் போய் அடைத்தால் மூக்குத் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். புருவ நடுவும் மூக்கும் இந்த விஷயத்தில் முகத்திலேயே ஆபத்து மிகுந்த இடங்கள். உங்கள் சீட்டில் இந்த எச்சரிக்கை இல்லை என்று நினைக்கிறேன்; இருந்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

மடல் குறைப்பு வேறு ரகம். மடலின் அடியில் ஒரு சிறு ஆப்பு அளவுத் தசையை வெட்டியெடுத்து, மடிப்பிலேயே தையல் ஒளியும்படி செய்வது. நன்றாகச் செய்தால் நன்றாக வரும். ஆனால் நம் மூக்குத் தோல் தடிமன், வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட ஆகும். வெட்டியது போதாவிட்டால் இன்னொரு முறை வெட்டலாம். அதிகமாக வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க வழி கிடையாது. உங்களுக்கே இருபது வயதிலிருந்து அந்த மூக்கு உறுத்திக்கொண்டிருந்தால் அது தனிப் பேச்சு, செய்துகொள்வதில் தவறில்லை. கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. முகமூடி சொல்லித்தான் உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

முகவாய்க்கு ஒரே வரி. நம்மவர் பலருக்குப் பல்வரிசை சற்று முன்தள்ளி இருப்பதால் முகவாய் குட்டையாகத் தெரியும். கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டுச் சும்மா விட்டிருந்தாலும் தாடை எலும்பு கரையும். முதலில் பல் மருத்துவர், பிறகுதான் ஊசி.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட விஷயம்.

வெள்ளைத் தோலில் வயது முதலில் சுருக்கமாக வரும். அமெரிக்காவில் எழுதிய வயது மதிப்பீட்டு அட்டவணைகள் சுருக்கத்தைத்தான் எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் உங்களுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. கறுப்பு அமெரிக்கர்களின் மேல்தோலே சராசரியாக 13.4 எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் டப்பாவில் போட்டிருக்கும் வெயில் காப்பு எண்) அளவுக்கும், வெள்ளையரின் மேல்தோல் 3.4 அளவுக்கும் வெயிலைத் தடுக்கிறது என்று 1979இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. நாம் நடுவில் எங்கோ இருக்கிறோம். அதனால் சுருக்கம் நமக்குத் தாமதம். பதிலுக்கு நிறம் சீராக இருக்காது: மங்கு, கருவளையம், கன்னத்திலும் கழுத்திலும் கடுகு கடுகாகக் கறுப்பு மருக்கள். சீனர்களிலும் சுருக்கத்துக்கு முன்னே வருவது புள்ளிகளும் திட்டுகளும்தான். ஆனால் தோலின் நிறம் உங்களுடையதைவிட வெளிர் என்பதால் அங்கே சரிப்பட்ட லேசர் அளவு உங்களுக்குச் சரிப்படும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தோலுக்கு அடியில் நடப்பது எல்லா இனத்துக்கும் பொது. கண்குழியின் எலும்பு விளிம்பு விரிகிறது, மேல்தாடை எலும்பு பின்வாங்குகிறது, கன்னத்துக் கொழுப்பு தனித்தனி அறைகளாக இருப்பதால் ஓர் அறை வற்றும்போது பக்கத்து அறை தொங்குகிறது. எலும்பு முன்னெடுத்து இருப்பவருக்கு இந்த இழப்பு நெடுநாள் வெளியே தெரியாது. கண்ணுக்குக் கீழே பிறவியிலேயே எலும்பு ஆதரவு குறைந்தவருக்கு முப்பத்தைந்திலேயே குழி விழும். நம்மிடம் இரண்டாம் வகை நிறைய. "உடம்பு சரியில்லையா?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

கருவளையத்தை வீட்டிலேயே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஜன்னலுக்கு எதிரே நின்று கைக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே பிடித்து அண்ணாந்து பாருங்கள். கருப்பு பெருமளவு மறைந்தால் அது குழியின் நிழல். மறையவில்லையா, கீழிமைத் தோலை விரலால் மெல்லப் பக்கவாட்டில் இழுங்கள். நீலமாகவோ ஊதாவாகவோ அடர்ந்தால் மெல்லிய தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் தெரிகின்றன. எப்படி இழுத்தாலும் எந்த வெளிச்சத்திலும் அதே பழுப்பு என்றால் தோலில் நிறமிதான் கூடியிருக்கிறது. அம்மாவுக்கும் இருந்ததா என்று யோசியுங்கள், பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். கண்ணைக் கசக்கும் பழக்கமும் ஒவ்வாமையும் இதைக் கூட்டும். ரத்தச் சோகை இருந்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ஃபில்லர் உதவுவது நிழலுக்கு மட்டும். நிறமி மேல் ஃபில்லர் போட்டால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், கூடவே வீக்கமும் சேரும். மேலாகப் போட்டுவிட்டால் தோல் வழியே நீலம் பாரித்துத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு இவை கலந்தே இருக்கும் என்பதால், எனக்கு எந்தப் பங்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். விரலால் இழுத்துப் பார்க்காமலே ஊசியை எடுப்பவரிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தவை இரண்டு, அந்தச் சீட்டில் இரண்டும் இல்லை. ஒன்று, நெற்றி ஓரமும் கழுத்தும் கறுத்தது. தோல் சற்றுத் தடித்து வெல்வெட் மாதிரி இருந்தால் அது வயதால் வந்ததாக இருக்காது; பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. நம்மவர்களில் இது சர்வசாதாரணம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, தைராய்டு மூன்றையும் பாருங்கள். எடையும் சர்க்கரையும் இறங்கினால் அந்தக் கறுப்பும் மெல்ல இறங்கும். அதை லேசரால் தேய்த்து எடுக்கப் பார்ப்பது வீண் செலவு.

இரண்டு, அந்த க்ரீம். போட்டால் பளிச், விட்டால் எரிச்சல், சிவப்பு என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு மிக அதிகம். மங்குக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் கூட்டு மருந்து, ஊர்க் கடைகளில் சிவப்பழகு க்ரீம் மாதிரிக் கைமாறுகிறது. இரண்டு வருடம் போட்டால் தோல் மெலியும், மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரியும், முகத்தில் பூனைமுடி வளரும், வெயில் பட்டாலே எரியும். பெயர் தெரியாத டப்பா என்றால் பாதரசமும் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். திடீரென்று நிறுத்தினால் முகம் சீறும். எனவே டப்பாவைக் கையோடு எடுத்துப் போய்த் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், படிப்படியாக விடவைப்பார். இந்த மெலிந்த தோலின் மேல் இப்போது லேசர் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கன்னத்துத் திட்டு, மங்குதான் என்று வைத்துக்கொண்டால், லேசர் முதல் மருந்து அல்ல. நம் நிறத்தில் சூடு பட்ட இடம் ஆறும்போது முன்னைவிடக் கறுக்கும். கறுத்தது தெளிய மாதக்கணக்கு ஆகும். மாதவிடாய் நிற்கும் காலம் என்றால் அதற்காகச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையும் மங்கைத் தூண்டலாம். எனவே மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். தினமும் சன்ஸ்கிரீன், அதிலும் இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் வகை. சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத்தான் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நம் தோலில் மங்கைக் கூட்டும், அதை இந்த நிறம்தான் மறிக்கிறது. சிங்கப்பூரில் வருடம் முழுக்க வெயில் ஒரே மாதிரி. காலையில் பூசியது மதியம்வரை தாங்காது.

மூன்று நான்கு மாதம் இப்படிப் போன பிறகும் திட்டு மிஞ்சினால் லேசர் பற்றிப் பேசலாம். அப்போது கேட்க வேண்டியவை: என் தோல் எந்த வகை, எந்த அலைநீளம், முதலில் காதோரம் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா? அடர்ந்த தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது 1064 நானோமீட்டர். தோல் வகை என்று அவர்கள் சொல்வது ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975இல் போட்ட பட்டியல். ஒளிச் சிகிச்சைக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று முடிவுசெய்ய வெள்ளைத் தோலை நான்காகப் பிரித்ததில் தொடங்கியது. பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பின்னால் ஒட்டப்பட்டவை. தமிழர்கள் நான்கிலிருந்து ஆறு வரை எதிலும் இருப்பார்கள், ஒரே வீட்டில் அக்காவும் தங்கையும் வேறு வேறாக. "ஆசியத் தோல்" என்று பொதுவாகப் பதில் வந்தால் அது பதிலே இல்லை. உங்கள் நிறமுள்ள நோயாளிகளின் முன்-பின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒன்றுபோல இருக்கிறதா என்று கவனியுங்கள்.

வயதானதைச் சரிசெய்வது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சோர்ந்த முகத்தைச் சற்றுத் தெளிவாக்கிக்கொள்வதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. சர்க்கரை, க்ரீம், சன்ஸ்கிரீன் மூன்றும் ஒழுங்காகி, கண்ணடிக் குழி மட்டும் மிச்சமிருந்தால், அந்தச் சீட்டில் நான் ஒப்புக்கொள்ளும் ஒரே வேலை அதுதான். கரைக்கக்கூடிய ஹைலூரோனிக் ஆசிட் வகையாக, குறைவாகப் போடச் சொல்லுங்கள். மாதக் கடைசிச் சலுகையை விட்டுவிடுங்கள், அடுத்த மாதமும் வரும்.

மகளிடம் அந்தப் படத்தைப் பற்றித் திரும்பப் பேசும்போது கல்யாண ஆல்பத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வேலைக்கு வயது வரட்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், இப்போது வேண்டாம், பிறகு வேண்டும் என்றுதான் அவள் காதில் விழும்.

கடைசியாகக் காது. அந்த முகமூடிக்குக் காது கிடையாது. அதனால்தான் உங்கள் முகத்தில் கண்ணுக்குத் தெரிந்து மாறிய ஒன்றை அவர்கள் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. இது மரத்துப்போகும் ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. ஓட்டையின் ஓரத் தோலைச் சீவி எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் சேர்த்துத் தைப்போம். அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும்: காது, மூக்குக் குத்திய இடத்திலோ, தோளில் அம்மை குத்திய தழும்பிலோ தடித்த மேடு எழும்பியிருக்கிறதா? எழும்பியிருந்தால் கீலாய்டு வரும் உடம்பு; அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மூக்கு உட்பட எந்த வெட்டுக்கும் இது பொருந்தும். இல்லையென்றால் தைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தழும்பின் மேல் படாமல் சற்றுத் தள்ளிக் குத்திக்கொள்ளுங்கள். ஜிமிக்கி போடலாம். கனமானதற்கு மாட்டல் வைத்து, பாரத்தைக் கூந்தலில் ஏற்றிவிடுங்கள்.